அத்தை ஏறினால் குதிரை இறங்கும்

நேற்றுச் சாப்பிடும்போது சின்னவன் சித்தப்பாவின் காரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். "சித்தப்பா காடியில நூத்தி இருபது குதிரையாம். உங்க லோரியில நூறுகூட இல்லையாம். அப்புறம் ஏம்பா நீங்க அவ்ளோ மூட்டை ஏத்துறீங்க, சித்தப்பா காடி நாலு பேர ஏத்துனாலே மூச்சு வாங்குது?"

பெரியவள் உடனே போனைத் தட்டி ஒரு கணக்கு வாய்பாட்டைப் படித்தாள். படித்த அவளுக்கும் புரியவில்லை, கேட்ட எனக்கும் புரியவில்லை. என் வாய் நிறையச் சோறு இருந்ததால் அப்போதைக்குத் தப்பித்தேன்.

ஆனால் பதில் எனக்குத் தெரியும். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன், அதனால் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உங்கள் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில், மடியில் வாழைப்பழத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன். அன்று உங்கள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். பேசினால் உங்கள் அம்மா நடுவில் சிரித்துக் கதையைக் கெடுத்துவிடுவாள்.

முதலில் கேள்விக்கு வருகிறேன். கோயில் அன்னதானத்துக்குப் பெரிய அண்டாவில் பொங்கல் கிண்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் துடுப்பை உள்ளே விட்டு, உடம்பையே சாய்த்து மெல்லத் திருப்புவார். அந்தத் திருப்புகிற பலம்தான் டார்க். உங்கள் பள்ளிப் புத்தகத்தில் முறுக்கு விசை என்று போட்டிருக்கும். இன்னொருவர் டம்ளரில் காப்பி கலக்குகிறார். கரண்டி பறக்கும். ஒரு சுற்றுக்கு வேண்டிய பலம் கொஞ்சம்தான், ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் எத்தனை சுற்று! அந்தப் பலத்தையும் சுற்றுகிற வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் குதிரைச் சக்தி. என் லோரியின் டீசல் இன்ஜின் அண்டாக்காரர். மெல்லச் சுற்றும்போதே பலம் கையில் இருக்கும். சித்தப்பாவின் பெட்ரோல் இன்ஜின் கரண்டிக்காரர். வேகமாகச் சுற்றினால்தான் அவருடைய குதிரைகள் லாயத்தை விட்டு வெளியே வரும். வேகமாகச் சுற்றினால் சத்தமும் வரும்.

இந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். எங்களுக்கு வந்த வினையெல்லாம் அதில்தான் வந்தது.

சித்தப்பாவுக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. லகாட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே அவன் ஒரு சொல் சொன்னால் முப்பது பேர் எழுந்து ஓடுவார்கள். வீட்டுக்கு வந்தால் பூனை. காரணம் உங்கள் அத்தை, அதாவது எங்கள் இருவருக்கும் அக்கா. எங்கள் தாத்தா ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணிப் பெரட்டு எடுப்பாராம். தோட்டம் விற்று, மரங்களை வெட்டி, செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பெரட்டு எடுக்கிற குரல் மட்டும் அத்தையின் தொண்டையில் வந்து குடியேறிவிட்டது.

இதற்கு முன் பார்த்த பெண்வீடுகளில் எல்லாம் ஒரே கதைதான். "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" என்று கேட்பார்கள். அத்தை பதில் சொல்வார். "காப்பிக்குச் சீனி போதுமா தம்பி?" என்பார்கள். "அவனுக்குப் போதும்" என்பார் அத்தை. ஒரு வீட்டில் பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று பின்பக்கம் அனுப்பினார்கள். அத்தையும் எழுந்து போய்விட்டார். எல்லா வீட்டிலிருந்தும் மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்று.

இந்த இடமும் தட்டிப்போனால் இனிமேல் யாரும் தன்னை எங்கேயும் கூட்டிப்போகக் கூடாது என்று சித்தப்பா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னான். விளையாட்டாகச் சொல்கிற முகம் இல்லை அது.

பெண்வீடு மேலே கம்போங் ராஜா பக்கம், காய்கறித் தோட்டக்காரர்கள். அந்தச் சாலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. வாரா வாரம் கோழி எரு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதில்தான் போய்வருகிறேன். "என் லோரியிலேயே போலாமே" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நானே எருவாகிவிட்டேன்.

"பொண்ணு பாக்கப் போறோமா, தோட்டத்துக்கு உரம் போடப் போறோமா? தம்பி காடியில போலாம். அஞ்சு பேரு. ஒத்தப்படையா இருக்கணும். பிரிஞ்சு போகக்கூடாது."

ஐந்து பேர் யார் என்றால், ஓட்டுவதற்குச் சித்தப்பா, அவன் பக்கத்தில் அத்தை, பின்னால் நான், உங்கள் அம்மா, அத்தையின் வீட்டுக்காரரான உங்கள் மாமா. பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் தேங்காய், வாழைத்தார், பலகாரப் பெட்டி. அது போதாதென்று ஒரு மூட்டை அரிசி. "மலையில அரிசி என்னா விலையோ" என்றார் அத்தை. கார் பின்பக்கம் குந்தி, முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தது.

சிம்பாங் பூலாயில் கல்லுமலைகளைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. சித்தப்பா எண்ணெய்யை அமுக்கினான். பெடல் தரையைத் தொட்டது. அது ஆட்டோ கியர் கார். சுமையைப் பார்த்தது, தானே கியரைக் குறைத்தது, இன்ஜின் வேகமாகச் சுற்றி "வீர்" என்று குரல் எடுத்தது. நூற்று இருபது குதிரையும் கனைத்துக்கொண்டு லாயத்துக் கதவுக்கு வந்துவிட்டன.

"டேய்! இன்ஜின் அலறுது! வெடிச்சிடப் போவுது! கால எடு!"

சித்தப்பா காலை எடுத்தான். குதிரைகள் திரும்பி உள்ளே போய்விட்டன. கார் தளர்ந்தது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. சித்தப்பா மறுபடி அமுக்கினான். "வீர்."

"கால எடுங்கிறேன்ல!"

எடுத்தான்.

"அக்கா," என்றேன் பின்னாலிருந்து, "அது அலறல் இல்லக்கா. பெட்ரோல் இன்ஜினுக்கு அதுதான் வேலை செய்யிற சத்தம். டீசல்னா மெல்லச் சுத்துறப்பவே டார்க் இருக்கும், இதுக்கு..."

"நீ தட்ட நேராப் புடி. பழம் சாயுது."

இப்படியே அமுக்குவதும் எடுப்பதுமாகப் போனோம். கார் முன்னால் குதிக்கும், பின்னால் இழுக்கும். எங்கள் எல்லாருடைய தலையும் ஒரே சமயத்தில் சம்மதம் சொல்வதுபோல ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சத் தூரத்தில் உங்கள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நிறுத்தச் சொல்லுங்க" என்று என் காதில் சொன்னாள். அகலமான ஓரம் ஒன்றில் நிறுத்தினோம். அம்மா இறங்கிப் புதரைப் பார்த்து ஓடினாள். மாமா மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"காடியில ஏதோ கோளாறு" என்றார் அத்தை.

"காடியில ஒண்ணுமில்லக்கா" என்று சித்தப்பா மெல்ல ஆரம்பித்தான்.

"எனக்குத் தெரியாதா?"

அவன் குனிந்து டயரைப் பார்க்கப் போனான்.

அது ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தட்டு பெண்வீட்டுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் அத்தை வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார். சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மலையைப் பார்ப்பதுமாக நின்றான்.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கு நன்றாகப் பழகிய சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டே வரும் பெரியவர் மாதிரி, அவசரமே இல்லாமல், ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஒரு டீசல் லோரி. வளைவைத் திரும்பியதும் முதலில் மணம் வந்தது, பிறகு லோரி வந்தது. கோழி எரு, முழு லோடு. ஓட்டி வந்தவர் என்னோடு ஒரே தவுக்கே முதலாளியிடம் வேலை செய்கிற, பீடோர் ஊர்க்காரர். தலையை வெளியே நீட்டினார்.

"என்னா தம்பி, மாப்ள காடி மலையப் பாத்ததும் வெக்கப்படுதா?"

"சுமை அதிகம்ணே" என்றேன்.

"அப்ப ரெண்டு பேர இங்க ஏத்து லா. நம்ம வண்டிக்கு ரெண்டு பேரு ஏறுனாலும் தெரியாது, இருபது பேரு ஏறுனாலும் தெரியாது."

எரு லோரியில் ஏறுவதா என்று அத்தை மூக்கைப் பொத்தினார். ராகு காலத்தை நினைத்து மூக்கை விட்டார். தானும் மாமாவும் தட்டுகளோடு லோரியில் வருவதாக முடிவு செய்தார். மாமாவை எழுப்பி இடம் மாற்றினோம். அவர் லோரியில் உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தார்.

லோரிக் கதவை மூடப் போகும்போது அத்தைக்குப் பெரட்டு ஞாபகம் வந்துவிட்டது. விரலை நீட்டி எண்ணினார். "காடியில மூணு பேரு. இங்கயும் மூணு பேரு. அலாமா! மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போறதா?"

மூன்று பேராகப் போனால் ஒரு கல்லையும் கூட எடுத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். கல்லும் ஓர் ஆளாகிவிடும். ஆனால் ஒரு கல் எடுத்தால் நான்கு, இரட்டைப்படை. அத்தை கொஞ்சம் யோசித்தார்.

"வண்டிக்கு ரெண்டு கல்லு. ரெண்டு வண்டியிலயும் அஞ்சஞ்சு பேரு."

நானும் சித்தப்பாவும் சாலையோரத்தில் கல் பொறுக்கினோம். அதிலும் அத்தை, "அது வேணாம், மூஞ்சி கோணலா இருக்கு" என்று ஒன்றைத் தள்ளிவிட்டார். தன்னுடைய இடம் காலியாக இருக்கக் கூடாது என்று முன் சீட்டில் பெரிய கல்லை வைக்கச் சொன்னார். அது கைக்குழந்தை கனம் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கனம். வைத்துக் கிளப்பினால் கார் "பீப் பீப்" என்று கத்தியது. முன் சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று புகார். உங்கள் அம்மா எட்டிக் கல்லுக்குப் பெல்ட்டை மாட்டினாள். புகார் நின்றது. இரண்டாவது கல் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் சாதுவாக உட்கார்ந்துகொண்டது.

சித்தப்பா எண்ணெய்யை அமுக்கினான். "வீர்" என்றது இன்ஜின். எல்லாரும் பழக்க தோஷத்தில் காத்திருந்தோம். கல் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் காலை எடுக்கவில்லை.

அட, அந்தக் கார் ஏறிய ஏற்றம்! இன்ஜின் சுற்றைக் காட்டும் ஊசி நாலாயிரத்தைத் தாண்டியது, அதுவரை நாங்கள் பார்த்தே இராத குதிரைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. சித்தப்பா ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தான். அவன் காருக்குள் பாடி நான் கேட்டது அன்றுதான்.

அதனால் என்ன ஆயிற்று என்றால், நாங்கள் ரொம்ப முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். தட்டு அத்தையிடம் இருக்கிறது. அத்தை இல்லாமல் உள்ளே போக முடியாது. லோரியோ இரண்டாவது கியரில், எறும்பு சர்க்கரை தூக்கிப் போவதுபோல எங்கேயோ கீழே வந்துகொண்டிருக்கிறது. பெண்வீட்டு ஜன்னலில் ஒவ்வொரு முகமாக வந்து பார்த்தது. "உள்ள வாங்க" என்றார்கள். "இதோ வாரோம்" என்றோம், நகரவில்லை. தூறல் ஆரம்பித்தது. மறுபடி "வாங்க" என்றார்கள். "காத்து நல்லா இருக்கு" என்றேன் நான், நனைந்துகொண்டே.

கடைசியில் ஒரு பெண் குடையோடு படியிறங்கி வந்தாள். பட்டுப் புடவை, காலில் தோட்டத்துக்குப் போடும் ரப்பர் பூட்ஸ். சேற்றில் வேறு எதைப் போட்டு வருவது? அவள்தான் பெண் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏன் எல்லாரும் மழையில நிக்கிறீங்க?"

"அக்கா வரணும்" என்றான் சித்தப்பா.

அவள் குனிந்து கார் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "முன்னால பெல்ட்டு போட்டு உக்காந்திருக்கிறது யாரு? அக்காவா?"

உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. சித்தப்பா சிவந்து போனான். பிறகு அவனும் சிரித்துவிட்டான். கல் வந்த கதையை அவனே, தன் வாயால், முழுதாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் பேசினாள்.

"நீங்க வாரப்ப கீழ் வளைவுல சத்தம் கேட்டிச்சு. நாங்க தினமும் கேக்குற சத்தந்தான், யாரு எப்படி ஏறுறாங்கன்னு தெரியும். கால எடுக்காம வந்தீங்க."

"அக்கா இருந்திருந்தா எடுத்திருப்பேன்" என்றான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் இதையா சொல்வது? அவள் சிரிக்கவில்லை. "அதத்தான் நான் தெரிஞ்சிக்கணும்," என்றாள். "அக்கா இருக்குறப்ப எப்படின்னு."

அப்போது லோரியின் செருமல் கேட்டது. அந்த வீட்டுக்கு ஏறும் கடைசிப் பாதை சுவர் மாதிரி நிற்கும், ஈரம் வேறு. லோரி வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு மூச்சில் ஏறி வாசலில் வந்து நின்றது. பீடோர்க்காரர் கதவைத் திறந்துவிட, அத்தை மடியில் கட்டிய இரண்டு கல்லும் கையில் தட்டும் மேலெல்லாம் எரு மணமுமாக இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு அவமானம்.

பெண்ணின் அப்பா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே லோரியின் பின்பக்கம் போய் ஒரு மூட்டையை அமுக்கி முகர்ந்தார். "நல்லாக் காஞ்சிருக்கு லா! எந்தப் பண்ணை?" என்றார். பிறகுதான் திரும்பி, "வாங்க வாங்க" என்று கும்பிட்டார். அந்த வீட்டில் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு அது முட்டைக்கோஸ் மணம், சம்பள மணம். ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தட்டு உள்ளே போனது.

காப்பி வந்தது. "சீனி போதுமா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். அத்தை வாயைத் திறந்தார். சித்தப்பா முந்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றான். அத்தை அவனை ஏதோ ஊர் மாறி வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சம்மதமா என்று பெண்ணைக் கேட்டார்கள். அவள் நேராகச் சொன்னாள். "இன்னைக்குச் சாயந்தரம் கீழ பாசார் சந்தையில காய் இறக்கணும். நானும் அப்பாவும் லோரியில உங்க பின்னாலதான் வருவோம். சிம்பாங் பூலாய் போயி சொல்றேன்."

"இது என்னா பழக்கம்?" என்றார் அத்தை.

"அவ அப்படித்தான் லா" என்றார் பெண்ணின் அப்பா.

ராகு காலம் முடிந்து கிளம்பினோம். அரிசியும் தேங்காயும் பெண்வீட்டோடு போய்விட, கல்லெல்லாம் வேலியோரம் இறங்கிக்கொள்ள, மறுபடி ஐந்து பேரும் காரில். முன்னால் அத்தை. பின்னால் காய்கறி லோரியின் விளக்கு. அந்த இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் பிரேக் தீய்ந்துவிடும். கியரைக் குறைத்து வைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், ஆனால் சத்தம் வரும், அத்தை விடமாட்டார். பின்னால் வருகிற பெண்ணுக்கு எங்கள் பிரேக் விளக்கு எரிவதும் அணைவதும் சினிமாத் திரைபோலத் தெரியும். அவள் எதைப் பார்க்க வருகிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சித்தப்பாவுக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். முதல் இறக்கத்திலேயே கியர்க் கம்பைக் கீழே இழுத்தான்.

"வீர்."

"கால எடுடா!"

"கால எடுத்துட்டேன்க்கா. பாருங்க."

அத்தை குனிந்து பார்த்தார். கால் உண்மையிலேயே சும்மாதான் இருந்தது. இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் சொல்லிவந்த ஒரே கட்டளைக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

"அப்ப கியர மாத்து!"

சித்தப்பா சாலையைப் பார்த்தே ஓட்டினான். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாகூடக் கண்ணைத் திறந்துவிட்டார்.

"மாத்த மாட்டேன்க்கா," என்றான் சித்தப்பா. குரல் உயரவில்லை. "சத்தம் போடட்டும். மலை இறங்குறப்ப இப்படித்தான்."

அத்தை அவனையே பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார். கொஞ்சத் தூரம் போனதும், "கொஞ்சம் மெதுவாக் கத்தச் சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அது கட்டளை இல்லை, கேள்விதான். எனக்குத் தெரிந்து அத்தை அவனிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"சொன்னா கேக்காதுக்கா" என்றான்.

சிம்பாங் பூலாய் விளக்குச் சந்தியில் சிவப்பு. காய்கறி லோரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. மேலேயிருந்து கண்ணாடி இறங்கியது. சித்தப்பாவும் கண்ணாடியை இறக்கினான். இரண்டு இன்ஜின் சத்தத்துக்கும் மேலே அவள் கத்த வேண்டியிருந்தது.

"எனக்குச் சரி! அப்பாவ அனுப்புறேன், தேதி பேச!"

பச்சை விழுந்தது. லோரி மெல்ல முன்னால் போனது. அத்தை தன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தார். எரு மணத்துக்காக என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "கூறைப் புடவை என்னா கலரு எடுக்கலாம்? அரக்கு எடுப்போமா?" என்றார்.

"அத அவளத்தான் கேக்கணும்க்கா" என்றான் சித்தப்பா.

அத்தை கைப்பையைத் திறந்து, போனை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பெண்வீட்டு நம்பரைத் தேடினார். கிடைத்ததும் தன் காதில் வைக்கவில்லை. "வண்டிய ஓரமா நிறுத்திட்டு நீயே கேளு" என்று அவனிடம் நீட்டினார்.